சாயங்கால மாத்திரை

காலியான மாத்திரை அட்டைகளை நான் குப்பையில் போடுவதில்லை. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, துணிப்பைக்குள் வைத்து, மாதத்துக்கு ஒரு தடவை இந்தத் தீவின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன். மருந்து கவுண்டரில் அந்தக் காலி அட்டைகளைக் காட்டினால்தான் அடுத்த மாதத்துக்கான அட்டைகளைத் தருவார்கள். மருந்தைச் சாப்பிட்டுத்தான் முடித்தோம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. யாரோ எப்போதோ இலவச மருந்தை வாங்கி வெளியே விற்றுவிட்டார்களாம், அதிலிருந்து இந்த ஏற்பாடாம். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சுருக்கென்று வந்தது. என் வீட்டுக்காரர் உயிரோடு இருப்பதற்காகச் சாப்பிடுகிற மருந்தை நான் விற்றுவிடுவேன் என்று நினைக்கிறார்களா என்று கேட்க வாயெடுத்தேன். கவுண்டரில் இருந்த வங்காளிக்காரர் என் மூஞ்சியைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, "ரூல் ஹை, தீதி" என்றார். ரூல் அக்கா என்கிறார், அவர் போட்ட ரூல் இல்லை. பின்னால் வரிசை நீளமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு வாங்கி வந்தேன்.

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் மாற்றியிருக்கிறது. உள்ளே வைத்திருப்பது என்னுடையது. ஆபரேஷன் சென்னையில் நடந்தது. அதன்பிறகுதான் எங்களுக்கு இந்த மருந்தோடு வாழ்க்கை ஆரம்பித்தது. அடுத்தவருடைய சிறுநீரகத்தை உடம்பு தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளாது, வெளியாள் வீட்டுக்குள் புகுந்துவிட்டான் என்று அடித்து விரட்டப் பார்க்கும். அந்தச் சண்டையை அடக்கிவைப்பதுதான் இந்தக் கேப்சூல் மாத்திரையின் வேலை. காலையில் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை, உயிர் உள்ளவரைக்கும். நேரம் தப்பக்கூடாது, வேளை தப்பவே கூடாது. சென்னையில் அந்த டாக்டர் எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்து, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். இவரும் பெரிய பரீட்சைக்குப் போகிறவர் மாதிரித் தலையை ஆட்டினார்.

விலை கொடுத்து வாங்கினால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. நான் லம்பா லைனில் இருக்கிற எங்கள் வீட்டிலேயே ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறேன். அவர் ஜங்லிகாட் மீன்பிடித் துறையில் படகு இன்ஜின் மெக்கானிக். ஆகவே மருந்துச் செலவை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அது எப்படி எங்கள் கைக்கு வருகிறது என்று கேட்பவர்களுக்கெல்லாம் நான் பொறுமையாக விளக்கியிருக்கிறேன், விளக்கும்போதே பாதியில் பொறுமை போய்விடும். காய்ச்சல், சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் எல்லாம் ஆஸ்பத்திரி ஸ்டோரில் எப்போதும் இருக்கும். எங்களுடையது அப்படி அல்ல. இந்த நோயாளிக்கு இந்த மருந்து இவ்வளவு வேண்டும் என்று டாக்டர் தனியாக எழுத வேண்டும். அது மாடியில் ஓர் அறைக்குப் போகும். அங்கே கையெழுத்தாகி ஸ்டோருக்கு வரும். ஸ்டோர்காரர்கள் மெயின்லேண்ட் கம்பெனிக்கு ஆர்டர் போடுவார்கள். அங்கிருந்து கப்பலில் ஏறி, கடலைத் தாண்டி, இங்கே இறங்கி, சரிபார்த்து, கடைசியில் வங்காளிக்காரரின் கவுண்டருக்கு வந்து சேரும். நடுவில் டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினாலோ குறைத்தாலோ முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்கள் கையிலிருந்து ஒரு பைசா போகாது. அதை நன்றியோடுதான் சொல்கிறேன். அந்தத் திட்டம் இல்லையென்றால் அவர் என்றைக்கோ போயிருப்பார். ஆனால் காசைக் கேட்காத திட்டம் நம் காலைக் கேட்கும், மானத்தைக் கேட்கும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

மாதாமாதம் மருந்து வந்துவிட்டால் ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில்தான் சிக்கல். இங்கே மே மாதம் பிறந்துவிட்டாலே எல்லா வீட்டிலும் ஒரு பரபரப்பு வந்துவிடும். வெங்காயம், உருளைக்கிழங்கு, பால்பவுடர், பருப்பு என்று வாங்கி அடுக்குவார்கள். கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றால் முதலில் முட்டை மறையும், அப்புறம் வெங்காயம், அதற்குள் நாமும் பக்கத்து வீட்டுக்காரியும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்திருப்போம். சேர்த்துவைப்பது எங்களுக்குப் பழக்கம். அவருக்கு அது பழக்கத்தையும் தாண்டி ஒரு மதம் மாதிரி. அவருடைய ஷெட்டில் சுவர் முழுக்கப் பலகை அடித்து டப்பாக்களாக அடுக்கியிருப்பார். நாசில், கேஸ்கட், ஆயில் சீல், பெல்ட். இங்கே ஒரு வாஷர் தேய்ந்தாலும் மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். அதனால் தான் கைவைத்த படகு எதையும் ஸ்பேர் இல்லாமல் கடலுக்கு விடமாட்டார். படகுக்காரன் அவசரப்பட்டால் சாவியைத் தூக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார். அதற்காகவே சிலருக்கு அவர்மேல் கடுப்பு, எல்லாருக்கும் நம்பிக்கை.

ஆபரேஷன் முடிந்து வந்த முதல் மழைக்காலத்திலேயே மருந்து தாமதமானது. "ஸ்டாக் நஹி ஹை, ஜஹாஸ் ஆனே தோ" என்றார் கவுண்டர்காரர். ஸ்டாக் இல்லை, கப்பல் வரட்டும் என்கிறார். கப்பல் வரட்டும் என்று உடம்பு காத்திருக்குமா? வெளிக்கடைகளிலும் அந்த மருந்து இல்லை. வரிசையில் பழக்கமான ஒரு தெலுங்குக்காரர், அரசாங்க ஊழியர், அவருக்கும் சிறுநீரகம் மாற்றியிருந்தது, அதே மாத்திரைதான். டெலானிபூரில் குவார்ட்டர்ஸ். மேட்டில் ஏறி அவர் வீட்டு வாசலில் போய் நின்றோம். அவர் மனைவி உள்ளே போனார், வெகுநேரம் வரவில்லை. உள்ளே இருவரும் பேசிக்கொள்வது கேட்டது. பாஷை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது. கடைசியில் அந்த அம்மாள் ஓர் அட்டையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். மருந்து வந்ததும் திருப்பித் தாருங்கள், அதோடு இந்தக் காலி அட்டையையும் மறக்காமல் கொடுத்துவிடுங்கள், அவர் கவுண்டரில் காட்ட வேண்டும் என்றார். நான் அந்த அம்மாள்மேல் கோபப்படவில்லை. நானாக இருந்தால் கொடுத்திருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

திரும்பி இறங்கும்போது என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். பாதி மேட்டில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "இனி ஒருத்தர் வீட்டு வாசல்லயும் போயி இப்படி நிக்கக் கூடாதுளா" என்றார். கப்பல் வந்தது, கடன் வாங்கிய அட்டையைத் திருப்பிக் கொடுத்தோம், நான் அதை மறந்துபோனேன். அவர் மறக்கவில்லை.

காலை மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுப்பேன், தண்ணீரோடு. சாயங்கால வேளையில் அவர் ஷெட்டில் இருப்பார். ஆகவே சாயங்காலத்துக்கான அட்டையை அவரே வைத்துக்கொண்டார். போனில் அலாரம். அட்டை காலியானதும் மடங்காமல் கொண்டுவந்து என் தையல் மிஷின் டிராயரில் போடுவார். மருந்து விஷயத்தில் இவ்வளவு கறாராக இருக்கிற ஆம்பளையை நான் பார்த்ததில்லை என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். எங்களுக்குள் இதைவைத்துக் கேலி வேறு. ஏதாவது பேச்சு முற்றினால், "வெளியில ஒருத்தி சத்தம் போடுறது பத்தாதுன்னு உள்ளேயும் ஒருத்தி உக்காந்துருக்கா" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டுவார். என் சொத்து, பத்திரமாக வைத்திருங்கள் என்பேன். அப்படிச் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் கர்வமாகக்கூட இருக்கும்.

மருந்து இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அவ்வப்போது இரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்புவார்கள். ஒரு தடவை குறைவாக வந்தது. இங்குள்ள டாக்டர் ஒரு மலையாளப் பெண், வயது குறைவு, சிரிக்காமல் பேசுவார். மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாரா என்று இந்தியில் கேட்டார். அவர் பதில் சொல்வதற்குள் நான் பொங்கிவிட்டேன். அலாரம் வைத்துச் சாப்பிடுகிறார், காலி அட்டை எல்லாம் கவுண்டரில் கொடுத்திருக்கிறேன், வேண்டுமானால் போய்க் கேளுங்கள் என்றேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. சிலருக்கு உடம்பு மருந்தைச் சரியாக ஏற்காது என்று சொல்லி, அளவைக் கூட்டி எழுதினார்.

அளவைக் கூட்டியதும் எனக்கு வேலை கூடியது. புதிதாக எழுதியதை மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் மீட்டிங்கில் இருப்பார். மறுநாள் போனால் லீவில் இருப்பார். தைக்க எடுத்த துணியெல்லாம் மிஷின்மேல் குவிந்து கிடந்தது. ஒவ்வொரு நாள் நான் வெறுங்கையோடு வரும்போதும் அவர் கேட்பார், வந்ததா என்று. வரவில்லை என்றால் முகம் சின்னதாகிவிடும். கூடுதல் அளவு அட்டைகள் கைக்கு வந்த அன்றைக்கு மனிதர் அப்படி மகிழ்ந்துபோனார். நானும் மகிழ்ந்தேன். அடுத்த இரத்தப் பரிசோதனையிலும் அளவு ஏறவில்லை. டாக்டர் இன்னும் கூட்டினார். நான் மறுபடியும் மாடி ஏறினேன். எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலே தினமும் சென்னை விமானம் இறங்கும், பாத்திரம் அதிரும். அதில் ஒரு டப்பாவில் அடங்குகிற மருந்து கப்பலில் ஆடி அசைந்து வருவதை நினைத்து நான் ஊசியை ஒடித்த நாட்கள் உண்டு.

அடுத்த மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் அவருக்குப் பாதம் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. ஷெட்டில் நின்றுகொண்டே வேலை பார்ப்பதால் என்றார். முகமும் ஊதியபோது நான் பேச்சுக் கொடுக்காமல் ஆட்டோவில் ஏற்றினேன். இரத்தம் பார்த்தார்கள், வார்டில் சேர்த்தார்கள். உடம்பு சிறுநீரகத்தைத் தள்ள ஆரம்பித்துவிட்டது என்றார் டாக்டர். ஊசி போட ஆரம்பித்தார்கள். இவ்வளவு அளவு கூட்டிக் கொடுத்தும் ஏன் இப்படி ஆனது என்பது டாக்டருக்கே பிடிபடவில்லை. இந்த மருந்து இவருக்கு வேலை செய்யவில்லை, இன்னும் கடுமையான வேறொன்றுக்குப் போக வேண்டியிருக்கலாம், அதில் ஆபத்து அதிகம், சென்னையில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கடலும் சேர்ந்துகொண்டது. புயல் சின்னம் என்று கப்பலைச் சென்னையிலேயே நிறுத்திவிட்டார்கள். விமானமும் இரண்டு தடவை வந்து இறங்க முடியாமல் திரும்பிப் போனது. எங்கள் கையில் இருந்த மாத்திரை முடியப்போகிறது. நான் கவுண்டருக்குப் போனேன். வங்காளிக்காரர் என்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, தானே எழுந்து ஸ்டோருக்குள் போய்த் தேடினார். திரும்பி வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டெலானிபூர்க்காரருக்குப் போன் போட்டேன். அவர் போன மாதமே மாற்றலாகி மெயின்லேண்டுக்குப் போய்விட்டாராம். என் தம்பி தூத்துக்குடியில் இருக்கிறான். வாங்கி யாரிடமாவது கொடுத்துவிடு என்று அவனிடம் சொன்னேன். கொடுத்துவிடுகிறேன், விமானம் வந்தால்தானே என்றான்.

வார்டுக்குத் திரும்பி வந்து அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அழக்கூடாது என்றுதான் வந்தேன், உட்கார்ந்ததும் வந்துவிட்டது. மருந்து இல்லையாம் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கையும் வீங்கித்தான் இருந்தது.

"இதுக்குப் போயா அழுத? ஷெட்டுல ஸ்டாக் இருக்குளா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. என்ன ஸ்டாக் என்று கேட்டேன்.

"மாத்திரைதான். நாசில் டப்பாவுக்குப் பின்னால ஒரு பால்பவுடர் டப்பா இருக்கும் பாரு. மழைக்கு ஆகும்னு சேத்து வச்சேன்."

எங்கிருந்து சேர்த்தீர்கள் என்று கேட்டேன்.

"சாயங்காலம் உள்ளதுலதான். எல்லா நாளும் இல்ல. உடம்பு நல்லாயிருக்க அன்னைக்கு மட்டும்."

அப்போது அவர் முகம் எப்படி இருந்தது என்பதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோய், எல்லாரும் கைபிசைந்து நிற்கையில், பையிலிருந்து அந்த ஒரு ஸ்பேரை எடுத்து நீட்டுகிற மனிதனின் முகம். என்னைக் காப்பாற்றிவிட்டதாக அவர் நினைத்தார். என் கை தானாக என் இடுப்புத் தழும்புக்குப் போனது. நான் எழுந்து வெளியே வந்தேன்.

மழையில் ஆட்டோ பிடித்து ஜங்லிகாட் போனேன். பக்கத்து ஷெட்காரரிடம் சாவி இருந்தது. உள்ளே டீசலும் கிரீஸும் ஈரமும் கலந்த புழுக்கம். நாசில் டப்பாவை நகர்த்தினேன், பால்பவுடர் டப்பா இருந்தது. மூடியைத் திறக்க ஸ்க்ரூ டிரைவர் வேண்டியிருந்தது, அவ்வளவு இறுக்கமாக அடித்து மூடியிருந்தார். உள்ளே மாத்திரைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. கேப்சூல் தோல் இளகி, நிறம் ஒன்றோடொன்று கலந்து, அடியில் சிலவற்றில் பூஞ்சை. ஒன்றைப் பிய்த்துப் பார்த்தேன், விரலில் பசையாக வந்தது.

இந்த ஊர் ஈரத்தில் உப்பையே ஜாடியில் வைக்க முடியாது. இது அவருக்குத் தெரியாதா? கேஸ்கட்டை எண்ணெய்த்தாளில் சுற்றி வைக்கிற ஆள். அட்டையோடு வைத்திருந்தால்கூடப் பிழைத்திருக்கும். ஆனால் காலி அட்டையை என் டிராயரில் போட வேண்டுமே, நான் கவுண்டரில் காட்ட வேண்டுமே. அதற்காக ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து டப்பாவில் போட்டிருக்கிறார். டாக்டர் அளவைக் கூட்டக் கூட்ட, சேர்த்துவைக்க இன்னும் கிடைத்திருக்கிறது. நான் மாடி ஏறி இறங்கி, கையெழுத்து வாங்கி, கப்பலுக்குக் காத்திருந்து கொண்டுவந்ததெல்லாம் அந்த டப்பாவுக்குத்தான் போயிருக்கிறது. அங்கே கிடந்த ஒரு பழைய இன்ஜின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. கப்பலை, மழையை, அந்த ரூலை, மாடியில் இருக்கிற பேனாவை, எல்லாவற்றையும் அடிக்க வேண்டும்போல இருந்தது. அதற்கு நடுவில் அவர் சாயங்காலத்தில் இங்கே தனியாக நின்று அலாரத்தை அணைத்துவிட்டு, மாத்திரையைப் பிதுக்குகிற காட்சி வந்தது. அதை நினைத்ததும் என்னால் கோபப்படவும் முடியாமல் போனது.

டப்பாவை நேரே டாக்டரிடம் கொண்டுபோனேன். மேசைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அலாரம் வைத்துச் சாப்பிடுகிறார் என்று இதே அறையில் பொங்கியது நான்தானே. டாக்டர் டப்பாவைக் கையில் எடுத்து உள்ளே பார்த்தார். பிறகு, இன்றைக்கே சொன்னது நல்லதாகப் போயிற்று என்றார். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அந்தக் கடுமையான சிகிச்சையைத் தொடங்க இருந்தாராம். இப்போது அது வேண்டாம், இந்த மருந்தையே ஒழுங்காகக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். பிழைக்குமா என்று கேட்டேன். ஆள் பிழைப்பார், சிறுநீரகத்தைப் பற்றி இப்போது சொல்ல முடியாது என்றார்.

கட்டிலுக்குப் போனபோது அவர் விழித்திருந்தார். எடுத்தாயா, எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டார். சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்துத்தான் போயிருந்தேன். ஆனால் அந்தக் கேள்வியில் இருந்த நிம்மதியை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாம் ஒட்டி வீணாகிவிட்டது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நீங்கள் சாப்பிடாமல் விட்டதால்தான் இங்கே படுத்திருக்கிறீர்கள் என்றும் சொன்னேன். அவர் கட்டில் கம்பியைப் பிடித்து எழப் பார்த்தார், முடியாமல் படுத்துக்கொண்டே சொன்னார்.

"எல்லாத்துக்கும் ஸ்பேர் வச்சிருக்கேன். நீ குடுத்ததுக்கு ஸ்பேர் கிடையாதே. மருந்து வராம அது செத்துப்போச்சுன்னா உன் முகத்த எப்படிப் பாப்பேன்?"

"அதைக் காப்பாத்தத்தான் அதைப் பட்டினி போட்டீங்களா?" என்று நான் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் போர்வைக்குள்தான் அழுதார். நான் போர்வைமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கையில் இருந்த மாத்திரை தீர்வதற்குள் மழை விட்டு வானம் வெளுத்தது, முதல் விமானத்தில் தம்பி கொடுத்துவிட்ட பொட்டலம் வந்தது. முன்பின் தெரியாத ஒரு பயணி, ஏர்போர்ட் வாசலில் என் பெயரைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு கையில் கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் கப்பலும் வந்தது. அவர் வீக்கம் வடிந்து வீட்டுக்கு வந்தார். ஆனால் சிறுநீரகத்தில் பாதிக்குமேல் தழும்பாகிவிட்டது, போனது போனதுதான் என்றார் டாக்டர். மீதி இருப்பது எத்தனை வருஷம் ஓடும் என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. அடுத்து ஒன்று வேண்டுமென்றால் கொடுப்பதற்கு என்னிடமும் இல்லை.

மழைக்காலத்துக்கு மட்டும் ஒரு மாத மருந்தைக் கூடுதலாகக் கையில் கொடுங்கள் என்று மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லாமல் போகும் என்றார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது, டெலானிபூர் அம்மாளின் முகத்தை நான் மறக்கவில்லை. மனு மாடிக்குப் போயிருக்கிறதாம். காலி அட்டை ரூல் அப்படியேதான் இருக்கிறது. டப்பா விஷயத்தைக் கேட்டபிறகு வங்காளிக்காரர் என் அட்டைகளை எண்ணுவதில்லை. வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "தாதா டீக் ஹை?" என்று மட்டும் கேட்பார், அண்ணன் சுகமா என்று. நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிடுவேன்.

இப்போது சாயங்கால மாத்திரையும் என் பொறுப்பு. தையலை நிறுத்திவிட்டு, கைப்பையில் அட்டையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக ஜங்லிகாட் போய்விடுவேன். அவர் கை முழுக்க கிரீஸ் இருக்கும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு, சர்ச் பூசையில் நற்கருணை அப்பம் வாங்குகிற மாதிரி நாக்கை நீட்டுவார். நான் மாத்திரையை வைத்து, தண்ணீர் கொடுத்து, விழுங்கியபின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்து ஷெட் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இவர்மேல் எனக்கு நம்பிக்கை இல்லையா என்றால், இல்லை, அந்த விஷயத்தில் இல்லை.

போன வாரம் மறுபடியும் கடல் மோசமாகிவிட்டது. கவுண்டரில் பாதி மாதத்துக்கான மாத்திரைதான் கொடுத்தார்கள், மீதி அடுத்த கப்பலில் என்றார்கள். கப்பல் எப்போது என்று அவர்களுக்கும் தெரியாது. அன்று சாயங்காலம் ஷெட்டுக்குப் போய், மாத்திரையைப் பிதுக்கிக் கையில் வைத்துக்கொண்டேன். வெளியே துறையில் படகுகள் எல்லாம் கட்டிப்போட்டுக் கிடந்தன. அவர் கண்ணை மூடி நாக்கை நீட்டியிருந்தார். என் கை மேலே போகவில்லை. இந்த ஒன்றை வைத்துக்கொண்டால், நாளைக்கும் ஒன்று, அதற்கு அடுத்த நாளும் ஒன்று என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. ஈரம் படாமல் எதில் சுற்றி வைக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"ஏளா, குடுத்துரு" என்றார்.

கொடுத்தேன். தண்ணீர் குடித்தார், வாயைத் திறந்து காட்டினார். காலி அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, மழை விடுவதற்காக இருவரும் ஷெட்டுக்குள்ளேயே நின்றோம்.